மதகின் சாவி யார் கையில்? எல்லைப் பள்ளிகளும் கட்டற்ற மென்பொருளும்

2025 ஜூலையில் குஜராத் மாநிலம் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் ஊழியர்கள் தங்கள் மின்னஞ்சலையும் கோப்புகளையும் திறக்க முடியாமல் தவித்தனர். ஆலையில் விபத்து எதுவும் நடக்கவில்லை. இந்திய நீதிமன்றம் எதுவும் தடை விதிக்கவில்லை. ரஷ்யாவின் ரோஸ்நெப்ட் நிறுவனத்துக்கு அதில் பங்கு உண்டு என்பதற்காக ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அடுத்த சில நாட்களில் அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் தன் சேவையை நிறுத்திவிட்டது. உரிமக் கட்டணம் முழுவதையும் செலுத்தியிருப்பதாகக் கூறி நயாரா தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. அதன் பிறகே சேவை திரும்பக் கிடைத்தது. இந்திய மண்ணில் இயங்கும் ஓர் ஆலையின் கணினிகளை நிறுத்தவும் ஓட்டவும் வல்ல பொத்தான் இந்தியாவுக்கு வெளியே இருக்கிறது என்பதை நாடு அன்று கண்டது.

இதற்கு ஒன்றிய அரசு கண்ட தீர்வு என்ன? பன்னிரண்டு லட்சம் அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் ஸோகோ என்ற உள்நாட்டுத் தனியார் நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டது. 2025 அக்டோபரில் அந்நிறுவனத்தின் அலுவலக மென்பொருளையே பயன்படுத்துமாறு கல்வி அமைச்சகம் தன் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டது. இதற்குச் ‘சுதேசி’ என்று பெயர் சூட்டப்பட்டது. அந்த மென்பொருளின் மூல நிரல் நிறுவனத்திடமே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. உடைமையாளரின் கடவுச்சீட்டு மாறியிருக்கிறதே தவிர உடைமை உறவு மாறவில்லை.

இதற்கு மாறான ஒரு பாதையில் கேரளத்தின் பள்ளிகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடந்து வருகின்றன. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடி பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், மறையூர், வட்டவடை, பீர்மேடு, வண்டிப்பெரியார் பகுதிகளிலும் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் கணினியைத் திறக்கும்போது காண்பது விண்டோஸ் அல்ல, குனு/லினக்ஸ். தோட்டத் தொழிலாளியின் மகளும் எல்லையோர விவசாயக் கூலியின் மகனும் உரிமக் கட்டணமில்லாத இயங்குதளத்தில் பாடம் படிக்கிறார்கள். இந்தச் சாதனை எளிதில் கிடைத்ததல்ல. அது நிலைக்குமா என்பதும் முடிந்துபோன கேள்வியல்ல.

போராட்டத்தில் பிறந்த பாதை

2001-02இல் கேரளத்தில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கியபோது பள்ளிக் கணினிகளில் இருந்தது விண்டோஸ்தான். பாடநூலும் ஒரே நிறுவனத்தின் மென்பொருளை மையமாக வைத்து எழுதப்பட்டது. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளி ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்களை உருவாக்கித் தரும் பயிற்சிக்கூடமாக ஆகக் கூடாது என்று கேரளப் பள்ளி ஆசிரியர் சங்கமான கே.எஸ்.டி.ஏ. குரல் எழுப்பியது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் ஆசிரியர்களோடு கைகோத்தனர். 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் பங்கேற்க, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டிருந்தது அந்த இயக்கத்துக்கு வலுச் சேர்த்தது. 2006இல் வி.எஸ். அச்சுதானந்தன் தலைமையில் இடது ஜனநாயக முன்னணி அரசு அமைந்ததும் கட்டற்ற மென்பொருள் மாநிலக் கொள்கையாயிற்று. 2007ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பக் கொள்கை அதை வெளிப்படையாக அறிவித்தது. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் எஸ்.எஸ்.எல்.சி. மாணவர்களின் கணினிச் செய்முறைத் தேர்வு முழுக்கவே கட்டற்ற மென்பொருளில் நடந்தது.

திட்டம் 2017இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக உருவெடுத்தது. 2018இல் உயர்தொழில்நுட்ப வகுப்பறைகளும், மாணவர்களின் ‘லிட்டில் கைட்ஸ்’ குழுக்களும் வந்தன. இரண்டு லட்சம் கணினிகளில் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவுவதால் 3000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று 2019இல் கைட் கணக்கிட்டது. இந்தத் தொகை மேடைகளில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது. சொல்லப்பட வேண்டியதும்தான். ஆனால் மிச்சமான பணம் என்பது பயன்களில் ஒன்று மட்டுமே. நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், தன் மொழிக்கும் தன் பாடத்திட்டத்துக்கும் ஏற்பத் திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம் என்ற உரிமையே இதன் உயிர். கட்டணம் இல்லை என்பதை மட்டும் கொண்டாடினால், நாளை ஒரு நிறுவனம் இலவசமாகவே தன் பூட்டிய மென்பொருளைத் தர முன்வரும்போது பதில் சொல்ல வழி இருக்காது.

எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் நடந்தது இதற்கு ஒரு படிப்பினை. 2006-07இல் எல்காட் நிறுவனம், அதன் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கரின் முயற்சியில் சூஸ் லினக்ஸுக்கு மாறியது. அதிகாரி மாறினார், வேகம் தணிந்தது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸ் இடம்பிடித்தது. சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அதன் பக்கத்தில் துணைப் பயணியாக ஒட்டிக்கொண்டது. கேரளத்தில் இந்த மாற்றம் நிலைத்ததற்கும் தமிழ்நாட்டில் கரைந்ததற்கும் முக்கியக் காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை. ஒன்றின் பின்னால் அமைப்பாகத் திரண்ட ஆசிரியர்கள் இருந்தார்கள். மற்றொன்றின் பின்னால் ஒரு நேர்மையான அதிகாரி மட்டுமே இருந்தார்.

வழங்கல், பொதி, களஞ்சியம்

லினக்ஸ் என்பது 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கருவகத்தின் பெயர். கருவகத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கடிதம் எழுத முடியாது. 1983இல் அறிவிக்கப்பட்ட குனு திட்டத்தின் கருவிகள், திரை, எழுத்துரு, உலாவி, அலுவலகச் செயலி என ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்க வேண்டும். அவற்றைச் சேகரித்து, சோதித்து, பொருத்தி, தொடர்ந்து பழுதுபார்த்து மக்களுக்குத் தரும் ஏற்பாட்டுக்கே வழங்கல் என்று பெயர். டெபியன், உபுண்டு, ரெட்ஹாட், பெடோரா, சூஸ், ஆர்ச், ஸ்லாக்வேர் என வழங்கல்கள் பல.

இதைப் பொது விநியோக முறையோடு ஒப்பிடலாம். ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதி. முத்திரையிட்ட மூட்டை போன்றது. உள்ளே என்ன இருக்கிறது, எந்தப் பதிப்பு, பொறுப்பாளர் யார், இது இயங்க வேறு எந்தப் பொதிகள் தேவை என்ற விவரங்கள் அதன் மேலேயே எழுதப்பட்டிருக்கும். பொதிகள் இருக்குமிடம் களஞ்சியம். மூட்டையின் முத்திரையைச் சரிபார்த்து, தேவையான துணைப் பொதிகளையும் கணக்கிட்டு இறக்கித் தருவது பொதி மேலாளரின் வேலை. டெபியன் குடும்பத்தில் பொதிகள் டெப் வடிவில் இருக்கின்றன; அவற்றை டிபிகேஜி, ஆப்ட் என்ற கருவிகள் கையாளுகின்றன. ரெட்ஹாட், சூஸ் குடும்பங்களில் வடிவம் ஆர்.பி.எம்.; கருவிகள் டி.என்.எஃப்., ஸிப்பர். ஆர்ச் வழங்கலில் பேக்மேன். பழைய ஸ்லாக்வேரில் துணைப் பொதிகளைக் கணக்கிடும் ஏற்பாடே கிடையாது. பயனர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வடிவங்களுள் எது சிறந்தது என்று பொறியாளர்கள் ஓயாமல் விவாதிப்பார்கள். டெப், ஆர்.பி.எம். இரண்டும் முப்பது ஆண்டுகளாகத் தம் வேலையைச் செம்மையாகச் செய்து வருகின்றன. இடதுசாரி இயக்கம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. களஞ்சியத்தின் பூட்டு யாருடையது?

சித்தூர் வட்டாரத்து விவசாயிகளுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். அளவு ஏட்டில் இருக்கிறது. ஆயினும் எந்த மாதத்தில் எவ்வளவு திறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே மூலத்தறைக்குக் கீழே கடைமடையில் பயிர் பிழைக்கிறது. தண்ணீர் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. மதகின் சாவி யார் கையில் என்பது மற்றொரு கேள்வி. மென்பொருளிலும் அப்படித்தான். நிரல் கட்டற்ற உரிமத்தில் இருப்பது தண்ணீர் இருப்பதைப் போல. வழங்கலும் களஞ்சியமும் மதகுகள்.

நிறுவனத்தின் மதகும் சமூகத்தின் மதகும்

ரெட்ஹாட் லினக்ஸ் உலகின் மிகப்பெரிய வணிக நிறுவனம். 2019இல் ஐ.பி.எம். அதை 34 பில்லியன் டாலருக்கு வாங்கியது. ரெட்ஹாட்டின் நிரலையே கட்டணமின்றித் தந்து வந்த சென்ட்ஓஎஸ் 8 வழங்கலுக்கு 2029 வரை பராமரிப்பு உண்டு என்று சொல்லப்பட்டிருந்தது. 2020 டிசம்பரில் திடீரென அந்த வாக்கு மாற்றப்பட்டு, 2021 இறுதியோடு அது நிறுத்தப்பட்டது. உலகெங்கும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் நடுத்தெருவில் நின்றன. 2023 ஜூனில் மூல நிரலையே வாடிக்கையாளர்களுக்கு மட்டும் தருவதென ரெட்ஹாட் முடிவு செய்தது. உரிமத்தின் எழுத்து மீறப்படவில்லை என்று அது வாதிட்டது. பொதுச் சொத்தைச் சுற்றி வேலி எழுப்பச் சட்டத்தின் எழுத்தை மீற வேண்டியதில்லை என்பதை நில உச்சவரம்புச் சட்டங்களின் வரலாறு அறிந்த தோழர்கள் அறிவார்கள்.

சூஸ் வழங்கலின் கதை இன்னொன்று. நாவெல், அட்டாச்மேட், மைக்ரோ போகஸ், ஈ.க்யூ.டி. என்று பதினைந்து ஆண்டுகளுக்குள் நான்கு உடைமையாளர்களின் கைக்கு அது மாறியது. எல்காட் அதைத் தேர்ந்தெடுத்த காலத்தில் அது நாவெலின் கையில் இருந்தது; 2006 நவம்பரில் நாவெல் மைக்ரோசாப்டுடன் காப்புரிமை உடன்பாடு செய்துகொண்டிருந்தது.

டெபியன் வேறு வகை. 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய அதற்கு உடைமையாளர் கிடையாது. 1997இல் அது ஒரு சமூக ஒப்பந்தத்தை ஏற்றது. 1998இல் தனக்கென ஓர் அரசியல் சட்டத்தை எழுதிக்கொண்டது. உலகெங்கும் பரவியிருக்கும் ஏறத்தாழ ஆயிரம் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரிய முடிவுகள் வாக்கெடுப்பில் எடுக்கப்படுகின்றன. மென்பொருள் உலகில் கூட்டுறவுச் சங்கத்துக்கு நெருங்கி வரும் அமைப்பு இதுவே.

உபுண்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. டெபியனின் உழைப்பை அடித்தளமாகக் கொண்டு மார்க் ஷட்டில்வொர்த்தின் கனோனிக்கல் நிறுவனம் 2004 அக்டோபரில் அதை வெளியிட்டது. நிறுவுவது எளிது, புதிய கணினிகளின் உதிரிப் பாகங்களை நன்றாக அறிந்துகொள்ளும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீண்டகாலப் பதிப்பு வரும். தொடக்கத்தில் டெபியனை அடிப்படையாகக் கொண்டிருந்த கேரளப் பள்ளித் தொகுப்பு பின்னர் உபுண்டுவுக்கு மாறியதற்கு இவையெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் அண்மை ஆண்டுகளில் கனோனிக்கல் தன் வழங்கலை ‘ஸ்நாப்’ என்ற புதிய பொதி முறையை நோக்கித் தள்ளி வருகிறது. உபுண்டு 22.04இல் பயர்பாக்ஸ் உலாவி டெப் பொதியாக வருவதில்லை, ஸ்நாப்பாகவே வருகிறது.

ஸ்நாப் முறைக்கு நன்மைகள் உண்டு. ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய துணைகளைத் தன்னோடே சுமந்து வரும். பழைய இயங்குதளத்திலும் புதிய செயலி ஓடும். ஒன்றின் கோளாறு மற்றொன்றைத் தொற்றுவது குறையும். ஆனால் இயல்பாக ஒரே ஒரு கடை உண்டு. அந்தக் கடையின் வழங்கிப் பக்க நிரல் மூடப்பட்டது. அதன் உரிமை கனோனிக்கலிடம் மட்டுமே. டெப் களஞ்சியத்தை எவரும் நகலெடுத்துத் தன் ஊரில் வைக்கலாம். ஸ்நாப் கடைக்கு அப்படி ஒரு சுதந்திர நகல் வைக்க வழி இல்லை. இதே நோக்கத்துக்கான பிளாட்பேக் முறையில் எவரும் தனிக் களஞ்சியம் அமைக்க முடியும் என்பதை ஒப்பிட்டால், இந்தப் பூட்டு தொழில்நுட்பத்தின் கட்டாயத்தால் வந்ததல்ல என்பது விளங்கும். இதைக் காரணமாகச் சொல்லியே லினக்ஸ் மின்ட் 2020இல் ஸ்நாப்பைத் தன் வழங்கலில் இயல்பாக நிறுவ மறுத்தது. 2018 மே மாதத்தில் அதே கடையில் ஒரு விளையாட்டுப் பொதிக்குள் மின்நாணயம் அகழும் நிரல் ஒளிந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஒற்றைக் கடை என்பதால் தரம் தானாக வந்துவிடாது.

எல்லைப் பள்ளியிலிருந்து பார்த்தால்

இந்த வேறுபாடுகள் திருவனந்தபுரத்தில் இருந்து பார்க்கும்போது சிறியவை. மலை மேலிருந்தும் எல்லையோரத்திலிருந்தும் பார்க்கும்போது பெரியவை.

முதலில் இணைப்பு. 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்ட கே-ஃபோன் இணையத்தை மக்கள் உரிமையாக அறிவித்தது பெருமைக்குரியது. எனினும் காடும் மலையும் சூழ்ந்த ஊர்களில் இணைப்பின் வேகமும் உறுதியும் சமவெளி நகரம் போல இராது. பதினைந்து கணினிகள் உள்ள ஓர் ஆய்வகத்தில் டெப் முறை என்றால், ஒரு கணினியில் இடைச் சேமிப்பு அமைத்து ஒருமுறை இறக்கியதைப் பதினைந்துக்கும் பகிரலாம். இணையமே இல்லாவிட்டால் களஞ்சியத்தின் வேண்டிய பகுதியைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று நிறுவலாம். முத்திரைச் சரிபார்ப்பு அப்போதும் இயங்கும். ஸ்நாப் பொதி அளவில் பெரியது. இயல்பாகவே தானே புதுப்பித்துக்கொள்வது. ஒவ்வொரு கணினியும் தனித்தனியே கடையை நாடினால் மெலிந்த இணைப்பு என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, பழைய கணினிகள். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவசப் பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 தனிப் பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதால், நன்றாக ஓடும் கோடிக்கணக்கான கணினிகள் உலகெங்கும் குப்பைக்குத் தள்ளப்படுகின்றன. இலேசான திரைச் சூழலோடு கூடிய டெபியன் அத்தகைய கணினிகளுக்கு இன்னும் பல ஆண்டு வாழ்வு தரும். இங்கும் எல்லை உண்டு: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, மிகப் பழைய 32-பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது.

மூன்றாவதும் முதன்மையானதும் மொழி. கேரளத்தில் கணினிப் பாடநூல் தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் 2020 ஜூன் 1 அன்று தொடங்கிய ‘பர்ஸ்ட் பெல்’ இணைய வகுப்புகளும் பின்னர் தமிழில் கிடைத்தன. சிறுபான்மை மொழிக்கு ஒரு மாநில அரசு இவ்வளவு செய்வது இந்தியாவில் அரிது. ஆனால் பாடநூல் தமிழில் இருந்து, திரை ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ இருந்தால் பிள்ளை இரண்டு மொழிகளுக்கு நடுவில் நிற்கிறாள்.

விசைப்பலகையில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. கேரளப் பள்ளிகளில் மலையாளத் தட்டச்சு இன்ஸ்கிரிப்ட் முறையில் கற்பிக்கப்படுகிறது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான அந்த முறையில் மலையாளக் ‘க’ எந்த விசையில் உள்ளதோ அதே விசையில்தான் தமிழ்க் ‘க’வும் இருக்கும். ஒன்றைக் கற்ற விரல் மற்றொன்றை எளிதில் எழுதும். தமிழ்நாட்டின் தரமோ 1999 சென்னை மாநாட்டில் உருவான தமிழ்99. மேல்படிப்புக்கோ வேலைக்கோ கோவைக்கும் தேனிக்கும் போகும் மாணவிக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸில் இந்த இரண்டு அமைப்புகளும் அடிப்படைப் பொதியிலேயே இருக்கின்றன. தனியே வாங்க வேண்டியது எதுவும் இல்லை. அவற்றை இயக்கி வைத்து, பாடத்தில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.

பொதி முறையின் அழகு இங்கேதான் வெளிப்படுகிறது. டெபியனில் ‘டாஸ்க்-தமிழ்-டெஸ்க்டாப்’ என்றொரு பொதி உண்டு. அதற்குள் மென்பொருள் எதுவும் இல்லை. ஒரு பட்டியல் மட்டுமே. அதை நிறுவினால் தமிழ் எழுத்துருவும் தமிழ்ச் சூழலுக்கு வேண்டிய மற்ற பொதிகளும் தாமாக வந்து சேரும். இத்தகைய மேற்பொதியை எழுதுவது ஒரு ஆசிரியருக்கு ஒரு மாலை நேர வேலை. ‘தமிழ்வழிப் பள்ளி’ என்ற பெயரில் கைட் தன் களஞ்சியத்தில் ஒரு மேற்பொதியை வைக்கலாம். இரண்டு விசைப்பலகைகள், எழுத்துருக்கள், லிப்ரெஆபிஸின் தமிழ் இடைமுகம், தமிழ்ச் சொற்பிழைதிருத்தி, தமிழ்ப் பாடக் கோப்புகள் ஆகியவை ஒரே கட்டளையில் கொழிஞ்சாம்பாறையிலும் வண்டிப்பெரியாரிலும் ஒன்றுபோல நிறுவப்படும்.

எழுப்பப்படும் ஆட்சேபங்கள்

இவற்றைக் கேட்டதும் சில ஆட்சேபங்கள் எழும். அவற்றுக்கு முகம் கொடுக்க வேண்டும்.

‘டெபியனில் புதிய கணினிகளின் வைஃபை போன்ற பாகங்கள் இயங்காது’ என்பது ஒன்று. ஒரு காலத்தில் இது உண்மையே. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, தேவையான வன்பொருள் இயக்கு நிரல்களை நிறுவியிலேயே சேர்க்க முடிவு செய்தனர். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது நடைமுறையில் உள்ளது. கொள்கைத் தூய்மையைச் சற்றுத் தளர்த்தி மக்கள் பயன்பாட்டுக்கு இடம் கொடுத்த அந்த முடிவு விவாதத்துக்குரியது. ஆனால் அது விவாதித்து எடுக்கப்பட்ட முடிவு.

‘சமூக வழங்கலுக்குப் பொறுப்பாளி யார்? பிழை வந்தால் யாரைக் கேட்பது?’ என்பது அடுத்தது. 2024 மார்ச்சில் நடந்தது இதற்கு இரு பக்கமும் காட்டும். எல்லா லினக்ஸிலும் உள்ள எக்ஸ்இசட் என்ற சிறு சுருக்கக் கருவியை ஊதியமில்லாமல், களைத்துப்போன ஒரு மனிதர் தனியாகப் பராமரித்து வந்தார். உதவுவது போல நெருங்கிய ஒருவர் ஈராண்டுக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, அதற்குள் கள்ளக் கதவு வைத்தார். அக்கருவியால் கோடிகளைச் சம்பாதித்த நிறுவனங்கள் அந்த ஒற்றை மனிதரின் உழைப்புக்கு எதுவும் தரவில்லை. பொதுச் சொத்தின் மீது மூலதனம் நடத்தும் சுரண்டல் இது. அதே சமயம், நிரல் திறந்திருந்ததால்தான் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. புதியதை உடனுக்குடன் ஏற்கும் ஆர்ச் போன்ற வழங்கல்களிலும் டெபியனின் சோதனைக் கிளையிலும் அந்தப் பதிப்பு நுழைந்துவிட்டது. நிதானமாகச் சோதித்து ஏற்கும் டெபியனின் நிலையான பதிப்பில் அது நுழையவில்லை. பள்ளிக்கு வேண்டியது இந்த நிதானம்.

‘லினக்ஸே இன்று பெரு நிறுவனங்களின் கையில்தானே இருக்கிறது?’ என்று சில தோழர்கள் கேட்கலாம். கருவக நிரலின் பெரும்பகுதியை நிறுவன ஊழியர்கள் எழுதுகிறார்கள் என்பது உண்மை. கட்டற்ற மென்பொருள் முதலாளித்துவக் கடலுக்கு வெளியே உள்ள தீவு அல்ல. உற்பத்தி சமூகமயமாகியிருக்கிறது, அதன் பலனைத் தனியார் கைப்பற்ற முயல்கின்றனர், இந்த முரண்பாடு மென்பொருளிலும் நிலவுகிறது. அதனால் ஒதுங்கி நிற்பது தீர்வாகாது. பிளாச்சிமடையில் நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று ஆதிவாசிப் பெண்கள் உரத்துச் சொன்னார்கள். 2004இல் கோகோ கோலா ஆலை மூடப்பட்டது. பொதுச் சொத்து பொதுச் சொத்தாகவே நீடிக்க வேண்டுமானால் அதைக் காக்க மக்கள் நிற்க வேண்டும்.

கியூபாவின் அனுபவம் இங்கே பயன்படும். அமெரிக்க முற்றுகையின் கீழ் உள்ள அந்நாடு 2009இல் நோவா என்ற தன் சொந்த வழங்கலை வெளியிட்டது. அது முதலில் ஜென்டூவை அடிப்படையாகக் கொண்டது. அதன் முறையில் ஒவ்வொரு பொதியும் மூல நிரலிலிருந்து தொகுக்கப்பட வேண்டும். அதற்கு நேரமும் வலுவான கணினியும் வேண்டும். பின்னர் நோவா உபுண்டு அடிப்படைக்கு மாறியது. இலட்சியம் மாறாமல் கருவியை மாற்றிக்கொண்ட அந்த நெகிழ்வும் கற்றுக்கொள்ளத் தக்கதே.

செய்ய வேண்டியவை

கைட் 2024இல் வெளியிட்ட தொகுப்பு உபுண்டு 22.04ஐ அடிப்படையாகக் கொண்டது. அந்தப் பதிப்புக்குக் கனோனிக்கல் தரும் ஐந்தாண்டு இலவசப் பராமரிப்பு 2027இல் முடிகிறது. அதற்கு மேல் நீட்டிப்பு வேண்டுமெனில் நிறுவனங்கள் சந்தா செலுத்த வேண்டும். அடுத்த அடித்தளம் எது என்ற முடிவு தொழில்நுட்பக் குழுவின் அறைக்குள் முடிந்துவிடக் கூடாது. ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் எல்லைப் பகுதித் தமிழ் மக்களும் பங்கேற்கும் பொது விவாதமாக அது ஆக வேண்டும். டெபியனுக்குத் திரும்புவதே நீண்ட நோக்கில் சரி. உபுண்டுவிலேயே தொடர்வதாக இருந்தாலும் ஸ்நாப்பை நீக்கி, பயர்பாக்ஸ் உள்ளிட்ட எல்லாவற்றையும் டெப் பொதிகளாக மாநிலத்தின் சொந்தக் களஞ்சியத்தில் வைப்பது குறைந்தபட்சக் கோரிக்கை. அதன் நகல்கள் மாவட்டந்தோறும் இருக்க வேண்டும்.

தமிழ்வழிப் பள்ளிக்கான மேற்பொதியும், விடுபட்ட இடைமுகச் சொற்களைத் தமிழாக்கும் பணியும் அதோடு சேர வேண்டும். எல்லைப் பள்ளிகளின் லிட்டில் கைட்ஸ் குழுக்கள் இந்த மொழிபெயர்ப்பை ஏற்றால், தேவிகுளத்து மாணவி எழுதும் ஒரு சொல் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் திரையில் தோன்றும். பூட்டிய மென்பொருளில் இது நடக்காது.

பள்ளிக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னட மக்கள் தம் பகுதி அலுவலகங்களுக்குத் தம் மொழியில் எழுதும் உரிமையைத் தந்திருக்கிறது. அலுவலகக் கணினியில் தமிழ் எழுத்துருவும் தட்டச்சும் இல்லையென்றால் அந்த உரிமை மனு கொடுப்பதோடு நின்றுவிடும். பதில் தமிழில் வராது. எல்லைப் பகுதி ஊராட்சிகளின், கூட்டுறவுச் சங்கங்களின், நூலகங்களின் கணினிகளிலும் இதே தொகுப்பு நிறுவப்பட வேண்டும் என்று கோரலாம்.

கடைசியாக, இயக்கத்தின் சொந்த வீடு. சங்க அலுவலகங்களிலும் கட்சி அலுவலகங்களிலும் இன்றும் பல கணினிகள் திருட்டு விண்டோஸில் ஓடுகின்றன. அதைச் சிலர் ஏகபோகத்துக்கு எதிரான செயலாகவே நினைக்கிறார்கள். பழக்கத்தை வளர்த்து, மாற்றைத் தேடும் தேவையை மழுங்கடிக்கும் திருட்டுப் பிரதி ஏகபோகத்துக்குச் செலவில்லாத விளம்பரமே. பிள்ளை பள்ளியில் கற்றதைத் தந்தையின் சங்க அலுவலகத்தில் காணவில்லை என்றால் கொள்கை பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு வட்டாரக் குழுவும் ஓராண்டுக்குள் தன் அலுவலகக் கணினிகளைக் கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற்றுவது, அதற்குத் தேவையான பயிற்சியை ஆசிரியத் தோழர்களைக் கொண்டு நடத்துவது ஆகிய இரண்டும் உடனே தொடங்கக் கூடியவை.

வாடினார் ஆலைக்கு நேர்ந்தது நாளை ஒரு மருத்துவமனைக்கோ மின்வாரியத்துக்கோ நேரலாம். அப்போது சட்டம் பேசி நீதிமன்றம் போவதைவிட, களஞ்சியமும் அதை நடத்தத் தெரிந்த கைகளும் இங்கேயே இருப்பது மேல். அந்தக் கைகளை வளர்க்கும் வேலை கேரளத்தின் பள்ளிகளில் தொடங்கிவிட்டது. அதைத் தமிழிலும், மலை மேலும், எல்லையோரத்திலும் கொண்டு சேர்ப்பது இடதுசாரி இயக்கத்தின் கடமை.